அடுப்புச் சுவர் அறைக்காரி

காக்களூர் தொழிற்பேட்டையைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்புகிற ரோட்டில் தேசப்பன் லைன் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அந்தத் தேசப்பன் நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன். ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவன் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தேன். இங்கே பேட்டை வந்த புதிதில் லாரிக்கு மூட்டை ஏற்றினேன். இன்றைக்கு வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றால் அது அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து இல்லை. இந்த வீட்டில் என் கை படாத செங்கல் ஒன்றுகூடக் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. என் கடைசி அறையில் குடியிருக்கிற கன்னியம்மாவைப் பற்றி. சிக்கனத்தில் என்னை மிஞ்ச இந்த ஏரியாவில் ஆள் கிடையாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மழை பெய்தால் கூரைத் தகரத்தின் ஓரம் முழுக்க குடம் வைத்துப் பிடிப்பவன் நான். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். என் வீட்டில் குளித்த தண்ணீர் வாழைக்குப் போகாமல் சாக்கடைக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவனே ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று நம்புங்கள்.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று சுவர்தான் நான் கட்டியது. நாலாவது சுவர் பக்கத்து ராஜமாணிக்கத்தின் பேக்கரிச் சுவர். அது அங்கே சும்மா நிற்கும்போது அதை ஒட்டி நான் எதற்கு இன்னொன்று எழுப்ப வேண்டும்? அவரைக் கேட்டேன், அவரும் தலையாட்டினார். மிச்சமான செங்கலில் தண்ணீர்த் தொட்டியே கட்டிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மறுவருஷம் ராஜமாணிக்கம் பேக்கரியைப் பெரிதாக்கினார். ரொட்டி வேகிற விறகு அடுப்பைக் கொண்டுவந்து சரியாக அந்தச் சுவரிலேயே ஒட்டிக் கட்டினார். அன்றிலிருந்து அறைக்குள் நிற்க முடியாது. மாசியில் குடிவந்தவர்கள் பங்குனியில் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மனைவி சின்னப்பொண்ணு அதற்கு நரக ரூம் என்றே பேர் வைத்துவிட்டாள். ஒரு சுவரை மிச்சம் பிடித்து ஒரு அறையை விட்ட புத்திசாலி என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கன்னியம்மா வந்தது கத்திரி வெயில் நாளில். சோழவரம் பக்கத்துப் பெண். சனமெல்லாம் ஒரு காலத்தில் கழனி வேலை செய்தவர்கள், இப்போது கம்பெனி வேலைக்கு பஸ் ஏறுகிறவர்கள். புருஷன் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை. அங்கேயே தங்கிவிட்டு வாரத்துக்கு ஒருநாள்தான் வருவான். நல்ல அறைகள் இரண்டு காலியாக இருந்தன. அதையெல்லாம் அவள் பார்க்கவே இல்லை. கடைசி அறைக்குள் நுழைந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குழாயடிக்குப் போய் முந்தானை நுனியை நனைத்துக்கொண்டு வந்து அந்தச் சுவரில் ஒட்டிப் பிடித்தாள். நானும் சின்னப்பொண்ணும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் துணியைக் கசக்கிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

“இந்த ரூமே போதும், நைனா” என்றாள்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் தகப்பன் மாதிரிப் பெரியவனை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அட்வான்ஸில் கொஞ்சம் குறைத்துவிட்டேன். சிரித்தால் சிரியுங்கள்.

பிறகுதான் தெரிந்தது, அவள் தொழில் துணி துவைப்பது. பேட்டையில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்களின் கிரீஸ் படிந்த யூனிபாரத்தை வாங்கித் துவைத்து, தேய்த்துக் கொடுப்பாள். வெயில் நாளில் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வாள். மழை நாளில் ஊர் முழுக்கத் துணி ஈரவாடை அடித்துக்கொண்டு கிடக்கும்போது இவள் துணி மட்டும் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும்.

அவள் வீட்டு நடப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். சோறு வடித்த கஞ்சியை ஊற்ற மாட்டாள், காலர் விறைப்பாக நிற்க அதில்தான் கடைசி அலசு. உலை நாலு கொதி வந்ததும் பானையை இறக்கிப் பழைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி மூலையில் வைத்துவிடுவாள், மிச்சம் அந்தச் சூட்டிலேயே வேகும். சோப்புத் துண்டு தேய்ந்து வில்லையானால் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அந்தப் பையாலேயே தேய்ப்பாள். கிழிந்த யூனிபாரத்தில் நல்ல இடத்தை வெட்டி வைத்து, அடுத்த கிழிசலுக்கு உள்பக்கம் வைத்துத் தைப்பாள். என் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது என் சட்டம். எந்தக் குடித்தனக்காரனும் ஒரு சாமி படம் மாட்டக்கூட என்னை மீறியதில்லை. அவளும் மீறவில்லை. ஜன்னல் கம்பிக்கும் கதவு நிலைக்கும் மூங்கில் குறுக்கே கொடுத்துக் கயிறு கட்டிக்கொண்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் தகராறு. கம்பெனிகளில் சாமான் வருகிற மரச் சட்டங்களை உடைத்து வெளியே போடுவார்கள். வெள்ளை வெளேரென்று பைன் மரம். இவள் துணி கொடுத்துவிட்டு வருகிற வழியில் ஒவ்வொரு துண்டாகத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். ஆணியைப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தி, பால்பவுடர் டப்பாவில் போடுவாள். கட்டையைக் கட்டிலுக்கு அடியில் அடுக்குவாள். கட்டிலுக்கு அடியில் நிரம்பி, சுவரோரம் நிரம்பி, பிறகு கட்டிலே அந்தக் கட்டைமேல்தான் நின்றது. கரையான் வந்து என் கதவு நிலையைத் தின்னப்போகிறது என்று நான் சொல்லாத நாள் இல்லை. “அடுத்த வாரம் எடுத்துடறேன், நைனா” என்பாள். அந்த அடுத்த வாரம் வரவே வராது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மார்கழி பிறந்திருந்தது. கடலில் ஏதோ தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெருமழை என்றால்கூட மனசுக்குத் தெம்பாக இருக்கும். இது அப்படி இல்லை. ஊசி ஊசியாகத் தூறல், விடாத குளிர்க்காற்று, பொழுது விடிந்ததா இல்லையா என்று தெரியாத மங்கல். நாள்கணக்காகச் சூரியன் கிடையாது. ஏரி நிரம்பி ரோட்டோரம் வரைக்கும் தளும்பி நின்றது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அன்று காலையில் என் போர்வையே ஈரமாக இருந்த மாதிரி இருந்தது. எழுந்த எரிச்சலில், இன்றைக்குக் கட்டையை வெளியேற்றாமல் விடுவதில்லை என்று நேராகக் கன்னியம்மா அறைக்குப் போனேன்.

உள்ளே கயிறுகளில் யூனிபாரமாகத் தொங்கியது. வெளிர் நீலக் கோட்டும் பேண்ட்டும், கெட்டித் துணி, அறையில் நுழைய இடமில்லை. தரையெல்லாம் சொட்டுத் தண்ணீர். அந்த ஈரத் துணிகளுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“நைனா, செவுரு செத்துப்போச்சு” என்றாள்.

நானும் கை வைத்துப் பார்த்தேன். சாதாரணச் சுவர் மாதிரி சில்லென்று இருந்தது. அடுப்பு வந்தது முதல், பேக்கரி வார விடுமுறை தவிர அந்தச் சுவர் குளிர்ந்து நான் பார்த்ததில்லை.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். பேட்டையில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. மறுநாள் அங்கே வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். ஆட்கள் எல்லாரும் ஒரே சுத்தமாக நிற்க வேண்டும். இனிமேல் யூனிபாரத்தை அவனவன் வீட்டில் துவைக்கக் கூடாது, மொத்தமாக ஒரே இடத்தில் துவைக்க வேண்டும் என்று கம்பெனியில் முடிவு. ஸ்டோர் பார்க்கிற ஸம்பத்குமார் ஸார், திருவள்ளூர் கோயில் தெருக்காரர், கன்னியம்மா துவைத்த துணியை முன்பே பார்த்தவர். சென்னையில் மெஷின் வைத்த லாண்டரி ஒன்றும் கேட்டுக்கொண்டிருக்க, முதல் மூட்டையை இவளிடம் கொடுத்துப் பார்க்கிறார். இன்று சாயந்திரம் ஆறு மணிக்குள் காய்ந்து, தேய்த்து, மடிப்போடு ஸ்டோருக்கு வந்தால் வேலை முழுக்க இவளுக்கு. வராவிட்டால் லாண்டரி வண்டிக்குப் போன் போய்விடும். சுவரை நம்பி நேற்று ராத்திரியே எல்லாவற்றையும் துவைத்து மாட்டிவிட்டாள்.

விறகு அடுப்பு மூட்டிக் காயவைக்கலாமே என்றேன். அது ஆகாது என்றாள். போன வருஷம் ஒரு விடுமுறை நாளில், அவசரத்துக்கு ஒரு பையன் துணியை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்துக் கொடுத்தாளாம். அந்தத் துணியோடு போனவனை இதே கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூடியில் புகை வாடை ஏறினால் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துவிடுமாம்.

“இந்த ஒரு மூட்டை போனா இன்னொண்ணு கெடைக்காதா? ஏன் இப்படி ஆடிப்போற?” என்று கேட்டேன்.

அவள் சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். “அந்த வேலை வந்துச்சின்னா மூட்டை தூக்க ஒரு ஆம்பள ஆளு வோணும், நைனா. அந்த ஆளு எம்புருசன்தான். உலை எதிர நின்னு நின்னு அதுக்குக் கண்ணுல எப்பவும் தண்ணி ஊத்திக்கினே கீது. இந்த வேலைய வாங்கி நான் அத்த எறக்கிக்கினு வந்துருவேன்.”

கட்டையைப் பற்றிப் பேச வந்ததை அப்போது மறந்துபோனேன்.

இருவரும் தலையில் கோணிப்பையை முக்காடு போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போனோம். ராஜமாணிக்கம் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு மைதா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வானத்தைவிட இருண்டிருந்தது. ராத்திரி காற்றில் விறகுக் கொட்டகைத் தகரம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சவுக்கு விறகு முழுக்க நனைந்து ஊறிவிட்டது. கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் கழுத்துவரைக்கும் இருக்கிறது, மாவு பிசைந்து கிடக்கிறது, அடுப்பு மூட்ட வழியில்லை. ஈர விறகைப் போட்டால் கண்ணைக் கரிக்கிற புகைதான் வருகிறது, ரொட்டி கறுத்து நாறுகிறது என்று பாவம் புலம்பினார். வெயில் வந்து விறகு காய்கிற வரைக்கும் கடையை மூடப் போவதாகச் சொன்னார்.

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கன்னியம்மா கேட்டாள்.

“அண்ணா, காஞ்ச கட்டை தந்தா அடுப்பு மூட்டுவியா?”

“இந்த மழைல எவன்மா வெச்சிகினு கீறான் காஞ்ச கட்டை?”

“என் கட்டிலாண்ட வந்து பாரு.”

அவர் வந்து பார்த்தார். கட்டிலைத் தூக்கி நிறுத்தியதும் குனிந்து ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அடுக்கடுக்காகச் சமமாக வெட்டின பைன் கட்டை, எலும்பு மாதிரி காய்ந்து. மழைக்காலத்துக்கு உதவும் என்று அவள் அதைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள், சுவர் சூட்டில் அது ஈரமே இல்லாமல் இருந்திருக்கிறது. கரையான் ஏன் வரவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவ்வளவு காய்ந்த மரத்தில் அதற்கு என்ன வேலை?

ராஜமாணிக்கம் வியாபாரி. உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இதில் பெயின்ட் அடித்த கட்டை கலந்திருந்தால் ரொட்டி விஷமாகும், ஆணி இருந்தால் அடுப்புத் தரை போகும் என்று இழுத்தார்.

“பெயின்ட் கட்டைய நான் ஊட்டுக்குள்ளயே வுடறதில்ல. ஆணியெல்லாம் இந்த டப்பால கீது, வோணும்னா கொட்டிப் பாரு” என்று பால்பவுடர் டப்பாவை ஆட்டிக் காட்டினாள்.

விலை கேட்டார். அவளுக்கு விலை வேண்டாம். இன்று சாயந்திரம் வரைக்கும் அடுப்பு அணையக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் கட்டை வேகமாக எரிந்து தீர்ந்துவிடுமே, அப்புறம் என்ன செய்வது என்று கேட்டார். கட்டையை மட்டும் எரிக்கச் சொல்லவில்லை, இது பிடித்துக்கொண்டதும் ஈரச் சவுக்கை அடுப்பின் தலைமேல் அடுக்கிவை, ஒரு அடுக்கு எரிகிறபோது அடுத்த அடுக்கு காய்ந்துவிடும் என்றாள். ராஜமாணிக்கம் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு கத்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கட்டை எல்லாவற்றையும் சுமந்து கொண்டுபோய்ப் போட்டதில் பாதிக்கு மேல் நான். இந்த வயதில் எவன் சுமப்பான்? லாரிக்கு மூட்டை ஏற்றிய தோள் இது. நனையாமல் கொண்டுபோக வேண்டும் என்று சின்னப்பொண்ணு எங்கள் பிளாஸ்டிக் விரிப்பைக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, “கரையான் கரையான்னு கத்தினியே, இப்ப அதுங்க நாஷ்டாவ நீயே தூக்கிக்கினு போறியா?” என்றாள். சுமை தூக்கும்போது பேசக் கூடாது.

அடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் சுவர் உடனே சுடுமா? செங்கல் அல்லவா. அடுப்பு எரிகிற சத்தம் கேட்கிறது, சுவர் பிணம் மாதிரி கிடக்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன். கன்னியம்மா தொடவே இல்லை. அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடங்களில் விழுந்த மழைத் தண்ணீரில் அரிசி களைந்தாள், களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள். நேற்றைய கருவாட்டுக் குழம்பைச் சுண்டவைத்தாள். பானையை ரஜாயில் சுற்றினாள். தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்து அதிலேயே வாசற்படியைக் கழுவினாள். ஒவ்வொரு கோட்டாகத் திருப்பி, பையை வெளியே இழுத்துவிட்டாள். இடுப்புப் பட்டையை ஒரு பழைய வேட்டியில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை வாங்கினாள். வேட்டி நனைந்தால் இன்னொரு வேட்டி. அவள் முகத்தில் ஒரு பதற்றம் கிடையாது. பல்லைக் கடித்திருந்தாள், அது மட்டும் தெரிந்தது.

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சுவருக்கு உயிர் வந்தது. முதலில் கதகதப்பு. பிறகு கை வைத்தால் எடுக்கிற சூடு. கயிறுகளை நகர்த்திச் சுவரோரம் கட்டி, ஒரு வரிசை காய்ந்ததும் எடுத்து, அடுத்த வரிசையைப் போட்டாள். அறைக்குள் ஆவி எழும்பி ஜன்னல் வழியாகப் புகை மாதிரி வெளியேறியது. ரோட்டில் போகிறவன் ஒருவன் உள்ளே தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனான்.

தேய்க்கிறதற்குக் கரி வாங்கவில்லை. ராஜமாணிக்கத்தின் அடுப்பு வாயிலிருந்து வாணலியில் தணல் அள்ளிக்கொண்டு வந்து இஸ்திரிப் பெட்டியில் போட்டாள். தணல் ஆறிச் சாம்பலானதும் அதைத் தட்டி ஒரு டப்பாவில் எடுத்துவைத்துக்கொண்டாள், பாத்திரம் தேய்க்க. பாருங்கள், ரோட்டில் கிடந்த ஒரே கட்டை எத்தனை வேலைக்கு ஆகிறது என்று. நான் சிக்கனக்காரன், ஆனால் இந்த அளவு எனக்கு ஓடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தேய்த்து அடுக்கி முடியப்போகிற நேரத்தில் கடைசிப் பேண்ட்டை இடுப்பில் கிள்ளிப் பார்த்தாள். ஈரம். மணி ஐந்தரைக்கு மேல் ஆகிவிட்டது, இருட்டவும் தொடங்கியிருந்தது.

“நடுவுல சொருகிடு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

“போட்டுக்கிறவனுக்குத் தெரியும், நைனா.”

திரும்பவும் தணல் அள்ளிப் போட்டு, அந்த இடுப்புப் பட்டையையே தேய்த்தாள். சூடு அதிகமானால் துணி பழுத்துவிடும், குறைந்தால் காயாது. இடையில் பழைய துணி வைத்து அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்து. நான் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே தூறல் நின்றபாடில்லை. காய்ந்த துணியை இதில் எப்படிக் கொண்டுபோவது? அதற்கு யோசனை சொன்னது நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ராஜமாணிக்கம் கடை கடையாக ரொட்டி போடுகிற மூணு சக்கர சைக்கிளில் தகரப் பெட்டி இருக்கிறதே, ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அதில் வெள்ளைத் துணி விரித்து யூனிபாரத்தை அடுக்கினோம். நானே மிதித்தேன். பின்னால் கன்னியம்மா தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினபோதெல்லாம் வண்டியை அவள்தான் தூக்கினாள் என்று சின்னப்பொண்ணு ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் பார்த்தாளா?

ஆறு அடிக்கப் போகிற நேரம், கம்பெனி ஸ்டோரில் ஸம்பத்குமார் ஸார் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருமண் கோணாமல், சட்டை கசங்காமல் இருக்கிற மனிதர். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, போனை மேஜைமேல் வைத்தார். ஒரு கோட்டை எடுத்து உதறினார். அக்குளைத் தொட்டார், பைக்குள் கைவிட்டார், பேண்ட் இடுப்பை இரண்டு விரலால் நெருடினார். இன்னொன்று எடுத்தார். இன்னொன்று. பிறகு முகத்துக்கு நேரே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

அந்தத் தகரப் பெட்டியில் தினமும் என்ன இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“இது என்னம்மா வாசனை?” என்று கேட்டார்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று முன்னால் போனேன். கன்னியம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“பன்னு வாசனை ஸார். மழைல நனையாம இருக்க ரொட்டிப் பொட்டியில கொண்டாந்தோம். ராத்திரி காத்தாட மாட்டி வெச்சா காலைல போயிடும். பொகைன்னாதான் போவாது, இதுல பொகை கெடையாது. இன்னொரு வாட்டி மோந்து பாருங்க.”

அவர் இன்னொரு தடவை மோந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு கோட்டை மடித்து வைத்துவிட்டு, “மத்தியானம் நான் சரியா சாப்பிடலை. இப்ப பசியக் கிளப்பி விட்டுட்டேளே” என்றார். எல்லாவற்றையும் ஸ்டோரில் மாட்டி வைக்க ஆளைக் கூப்பிட்டார். காலையில் முதல் ஷிப்டுக்கு முன்னால் தானே வந்து மோந்து பார்க்கப் போவதாகவும், வாசனை போயிருந்தால் அடுத்த மூட்டை தயாராக இருக்கும் என்றும் சொன்னார். லாண்டரிக்குப் போன் செய்யவில்லை. நான் அந்தப் போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வாசனை போயிருந்தது. அடுத்த மூட்டையும் வந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து அறையில் வைத்தவள் முதலில் செய்தது, கும்மிடிப்பூண்டிக்குப் போன் போட்டு ஏழுமலையிடம், கணக்கை முடித்துக்கொண்டு வா என்றது. கேள்வி எதுவும் கேட்கவிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஏழுமலை ஒரு தகரப் பெட்டியும் தலையணையுமாக வந்து இறங்கினான். அப்போதும் வானம் மூடித்தான் கிடந்தது. உள்ளே வந்து பெட்டியை வைத்தான், அலுப்பில் சுவரில் சாய்ந்தான், சாய்ந்த வேகத்தில் எகிறினான். அவன் இதுவரைக்கும் வந்த நாளெல்லாம் பேக்கரிக்கு வார விடுமுறை நாள். இந்த வாரம் கேக் ஆர்டரில் விடுமுறை கிடையாது.

“உலைய வுட்டு எறங்கி வாடான்னு கூப்ட்டு, இங்க இன்னொரு உலையாண்ட குந்தவெக்கறியாடி?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அங்க நீ உலைக்கு வேலை செஞ்ச. இங்க அது நமக்கு வேலை செய்யுது. வந்து இந்தக் கயித்தப் புடி” என்றாள்.

கயிறு பற்றவில்லை. மூட்டை பெரிதாகிவிட்டது, ஜன்னலுக்கும் கதவுக்கும் குறுக்கே கொடுத்த மூங்கில் அத்தனை ஈரத்தைத் தாங்காது. எதிர்ச் சுவரில், நான் கட்டிய சுவரில், நாலு இடத்தில் ஆணி அடித்தால்தான் இன்னும் இரண்டு வரிசை கட்ட முடியும். ஏழுமலைக்கு என் சட்டம் தெரியாது. ஆணி கேட்டான். கன்னியம்மா என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை.

ஆணி அவள் டப்பாவில் இருந்தது, நிமிர்த்தி வைத்த ஆணி. சுத்தியலை நான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் அடித்தால் பூச்சு உதிராது என்பது கட்டினவனுக்குத்தான் தெரியும். அதனால் நாலையும் நானே அடித்தேன்.